ஓபியாய்டு ஓவர்டோஸ்: ஒன்ராறியோத் தமிழ்ச் சமூகம் உயிர் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹெரோயின், ஃபென்டனில், சில வலி மாத்திரைகள் அடங்கிய ஓபியாய்டு வகைப் பொருள் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் மூச்சு விடவைக்கும் மூளைப் பகுதி மந்தமாகிவிடுகிறது. மூச்சு மெதுவாகிறது, விட்டுவிட்டு வருகிறது, பிறகு நிற்கிறது. இதயம் நிற்பது அதற்குப் பிறகுதான். நடுவில் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, நடப்பது என்னவென்று அவருக்கு விளங்கி, கையில் அதை முறிக்கும் மருந்தான நலோக்சோனும் இருந்தால் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றிவிடலாம். அறைக் கதவு பூட்டியிருந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

கனடாவில் 2016 தொடக்கம் 50,000-க்கும் மேற்பட்டோர் இப்படி இறந்திருக்கிறார்கள். 2023-இல் நாளொன்றுக்குச் சராசரியாக 22 பேர். ஒன்ராறியோவில் இந்த இறப்புகளில் பெரும்பாலானவை நடப்பது வீடுகளுக்குள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று நம் குடும்பங்கள் வாழும் இடங்களும் இந்த மாகாணத்துக்குள்தான் இருக்கின்றன. "நாலு சனம் என்ன கதைக்கும்" என்ற பயம் நம் வீடுகளில் ஒரு பிள்ளையைத் தனி அறைக்குள் தள்ளிவிடுகிறது. தனி அறையில்தான் உயிர் போகிறது. கீழே வரும் படிகள் எல்லாமே அந்தத் தனிமையை உடைப்பதற்கானவை.

இந்த வேலைக்குத் தீங்கு குறைப்பு என்று பெயர். ஒருவர் போதையை நிறுத்த வேண்டும் என்று நாம் விரும்பலாம். நிறுத்தும் நாள்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டுமே! இதைத் தொடங்கிவைத்தது அரசாங்கங்கள் இல்லை, சாதாரண ஆட்கள். சிகாகோவில் டான் பிக் என்பவரும் கூட்டாளிகளும் 1996-இலேயே போதை எடுப்பவர்களின் கையில் நலோக்சோனைக் கொடுத்தார்கள். வன்கூவரில் போதை பயன்படுத்துபவர்களே சங்கம் அமைத்துப் போராடினார்கள். பழகிய ஊழியர் பக்கத்தில் நின்று பார்க்க, கொண்டுவந்த போதையை எடுக்கும் இடம்தான் மேற்பார்வை ஊசி நிலையம். வட அமெரிக்காவின் முதல் சட்டபூர்வமான அப்படியொரு நிலையமான இன்சைட் 2003-இல் அங்கே திறந்தது. 2017 ஓகஸ்டில் ரொறன்ரோ மொஸ் பார்க்கில் தொண்டர்கள் அனுமதிக்குக் காத்திராமல் கூடாரம் அடித்து உயிர் காக்கத் தொடங்கினார்கள்.

படி 1: எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெரோயின், ஃபென்டனில் மட்டும் ஓபியாய்டு இல்லை. ஒபரேஷனுக்குப் பிறகு அம்மம்மாவுக்குக் கொடுத்த ஒக்சிகோடோன், ஹைட்ரோமோர்ஃபோன், கோடீன் கலந்த டைலனோல் 3, மோர்ஃபின் எல்லாம் அதே குடும்பம்தான். எனவே முதலில் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேவைப்படாத மாத்திரைகளை பார்மசியில் திருப்பிக் கொடுங்கள், காசு கேட்கமாட்டார்கள். தேவைப்படுபவற்றைப் பூட்டி வையுங்கள். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டியில், கழற்றி எறிந்த பிறகும் ஒரு சிறுபிள்ளையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மிஞ்சியிருக்கும். பழைய பட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தர வேண்டும் என்ற முறை ஒன்ராறியோவில் 2016-இல் வந்தது.

தெருவில் விற்பது வேறு கதை. ஃபென்டனில் மோர்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. கள்ளத்தனமாகக் கலக்கும்போது அது எல்லா இடமும் ஒரே சீராகப் பரவாது. பாயசத்தில் முந்திரிப்பருப்பு விழுவதுபோலத்தான்: ஒரு கரண்டியில் ஒன்றுமே இருக்காது, அடுத்த கரண்டியில் நாலைந்து இருக்கும். ஒரே பொட்டலத்தில் நேற்று எடுத்தவருக்கு ஒன்றும் ஆகாமல் இன்று எடுத்தவர் விழுவது இதனால்தான். அச்சு அசல் மருந்து மாத்திரை போலவே போலிகளும் வருகின்றன. இப்போது அதற்குள் தூக்க மாத்திரை வகைகளும், விலங்குகளை மயக்கும் சைலசின் போன்றவையும் கலந்து வருகின்றன. இவற்றின் மயக்கத்தை நலோக்சோன் தெளிவிக்காது. இது படி 3-க்கு முக்கியம்.

படி 2: நலோக்சோன் கிட் ஒன்றை வாங்கி வையுங்கள்

ஓபியாய்டு மூளையில் ஒட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து அதை விலக்கிவிட்டுத் தான் போய் அமரும் மருந்து நலோக்சோன். உடலில் ஓபியாய்டு இல்லாத ஒருவருக்குக் கொடுத்தாலும் கெடுதல் செய்யாது. "பிழையான ஆளுக்குக் கொடுத்துவிட்டால்?" என்ற பயம் வேண்டாம்.

ஒன்ராறியோவில் 2016 கோடை முதல் பார்மசிகள் இதை இலவசமாகத் தருகின்றன. மருத்துவரின் துண்டு தேவையில்லை, ஹெல்த் கார்ட்டும் தேவையில்லை. "ஒரு நலோக்சோன் கிட் வேணும்" என்று கேட்டால் போதும், யாருக்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ் பார்மசிஸ்ட் இருக்கும் கடை என்றால் எப்படிப் பாவிப்பது என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று கூச்சமாக இருந்தால் வேறு நகரத்துக் கடைக்குப் போங்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, ஊசி என இரண்டு வகை உண்டு. வீட்டுக்கு ஸ்பிரேதான் சுலபம். அந்தக் கிட்டில் 4 மில்லிகிராம் ஸ்பிரே இரண்டு, கையுறை, வாயோடு வாய் வைத்து ஊதும்போது போடும் மறைப்பு எல்லாம் இருக்கும். அதை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அலுமாரிக்குள் பூட்டிவைத்த கிட் அவசரத்தில் உதவாது. குளிர்காலத்தில் காரில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம், மருந்து உறைந்துவிடும். ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தால் உடல் சூடே போதும்.

படி 3: அறிகுறியும் அவசர உதவியும்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

ஆள் கூப்பிட்டால் எழும்பமாட்டார். மூச்சு ஐந்து வினாடிக்கு ஒன்றைவிடக் குறைவாக வரும், அல்லது வராது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். இதைத்தான் நிறையப் பேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "நல்லாக் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுறான், எழுப்பாதே" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். வழக்கத்தில் இல்லாத அந்தக் கனத்த குறட்டை மூச்சுப்பாதை அடைபடும் சத்தமாக இருக்கலாம். கட்டாயம் எழுப்பிப் பாருங்கள்.

உதடும் நகமும் நீலமாகும் என்று கையேடுகளில் போட்டிருக்கும். நம் தோல் நிறத்துக்கு அது அப்படியே தெரியாது. உதடு சாம்பல் பூத்ததுபோல் வெளிறும். கீழுதட்டை மெல்ல இழுத்து உட்பக்கத்தையும் முரசையும் பாருங்கள், நகத்தின் அடிச்சதையைப் பாருங்கள். அங்கே தெரியும்.

பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டு, தோளைப் பிடித்து உலுக்குங்கள். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள சதையை இறுக்கிக் கிள்ளுங்கள். அசைவு இல்லையா? உடனே 911. "மூச்சு எடுக்கிறார் இல்லை, ஓவர்டோஸாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் "தமிழ்" என்று மட்டும் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்தைத் தாங்கித் தலையைப் பின்னால் சாயுங்கள். வாயில் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்பிரேயின் உறையைப் பிரித்து, பெருவிரலை அடியில் உள்ள அமுக்கும் பகுதியில் வையுங்கள், அடுத்த இரண்டு விரல்களும் குழாயின் இரு பக்கமும் இருக்கட்டும். உங்கள் விரல்கள் மூக்கின் அடியில் முட்டும்வரை குழாயை ஒரு மூக்குத்துவாரத்துக்குள் விட்டு, ஒரே அமுக்காக அமுக்குங்கள். வேலை செய்கிறதா என்று முன்பே அமுக்கிப் பார்க்கக் கூடாது. அதில் இருப்பது ஒரே ஒரு அடிதான், காற்றில் போய்விடும்.

மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, ஐந்து வினாடிக்கு ஒன்றாக மூச்சு ஊதுங்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் நெஞ்சு உயர வேண்டும், உயராவிட்டால் தலையை இன்னும் சாயுங்கள். நெஞ்சை அமுக்க வேண்டுமா என்பதை 911-இல் இருப்பவர் சொல்லித் தருவார். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த ஸ்பிரேயை மற்ற மூக்குத்துவாரத்தில் அடியுங்கள்.

சிலர் மூச்சு சீராக வந்த பிறகும் கண் திறக்கமாட்டார்கள். நான் மேலே சொன்ன மற்ற மயக்கப் பொருள்கள் கலந்திருந்தால் அப்படித்தான் நடக்கும். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்பதே உங்கள் அளவுகோல். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் முழங்காலை மடித்து முட்டுக்கொடுங்கள். வாந்தி எடுத்தாலும் தொண்டையில் அடைக்காது.

எழும்பியவர் கோபப்படலாம், நடுங்கலாம், வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாம். அந்த நேரம் அவர் உடம்பு படும் பாடு அப்படி. மெதுவான குரலில் நடந்ததைச் சொல்லுங்கள். நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்துவிடும், உள்ளே கிடக்கும் போதைப்பொருள் அதற்குப் பிறகும் இருந்து மூச்சை மறுபடி அமுக்கலாம். ஆகவே அம்புலன்ஸ் வரும்வரை தனியே விடாதீர்கள், இன்னொரு தடவை எடுக்கவும் விடாதீர்கள்.

செய்யக் கூடாதவை: குளிர்தண்ணீர் ஊற்றுவது, குளியலறைக்கு இழுத்துப் போவது, அறைவது, வாந்தி எடுக்க வைப்பது. குடிவெறிக்குக் கொடுப்பதுபோல் மோரோ தேசிக்காய்த் தண்ணியோ வாயில் ஊற்றவே வேண்டாம். அது நேரே நுரையீரலுக்குப் போகும். ஃபென்டனில் தூளைத் தொட்டால் நமக்கும் ஓவர்டோஸ் ஆகும் என்ற வதந்தியை நம்பித் தயங்கவும் வேண்டாம், தோலில் பட்டவுடன் அப்படி ஆகாது. கையுறை கிட்டிலேயே இருக்கிறது.

படி 4: பொலிஸ் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

911 அடிக்காமல் விடுவதற்கு முதல் காரணம் இந்தப் பயம்தான். 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த நல்ல சமாரியர் போதைமருந்து ஓவர்டோஸ் சட்டப்படி, ஓவர்டோஸுக்கு உதவி கேட்டு அழைத்தவர், விழுந்தவர், அங்கே நின்றவர் எவர் மீதும் தம் பாவனைக்குப் பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது. அந்தக் குற்றம் தொடர்பான பிணை, நன்னடத்தை நிபந்தனைகளை மீறியதற்கும் பாதுகாப்பு உண்டு. விற்பனைக் குற்றத்துக்கோ ஏற்கெனவே உள்ள பிடியாணைக்கோ இல்லை. இந்தச் சட்டம் குடியுரிமை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பேசவில்லை. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்களுக்கு இதைக் குறிப்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

படி 5: வீட்டில் கதையுங்கள்

கண்டுபிடித்த அன்றே கத்திக் குழறிக் கேட்டால் பிள்ளை அடுத்த தடவை இன்னும் நன்றாக ஒளிப்பான். அமைதியான ஒரு நேரம் பார்த்து, காரில் போகும்போது என்றாலும் சரி, இப்படித் தொடங்கலாம்: "நீ எடுக்கிறாயா இல்லையா என்று நான் இப்ப கேட்கேல்ல. வீட்டில கிட் இருக்கு, மேசைக்குக் கீழ் இலாச்சியில. உனக்கோ உன் சிநேகிதருக்கோ ஏதும் நடந்தா, எத்தனை மணி எண்டாலும் என்னை எழுப்பு. அந்த இரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டன்." சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

பயிற்சிக் கூட்டங்களில் தாய்மார் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, இதை வீட்டில வைச்சிருந்தா பிள்ளைக்கு இன்னும் துணிச்சல்தானே வரும்?" நான் சொல்லும் பதில்: "அன்ரி, நலோக்சோன் அடிச்சா வாறது சுகம் இல்லை. வாந்தி, நடுக்கம், உடம்பு முழுக்க நோ. அதை நம்பி ஒருத்தரும் கூட எடுக்கமாட்டினம்." இதைக் கேட்ட பிறகு அவர்கள் கிட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

படி 6: சங்கமும் கோயிலும் வேலைத்தளமும்

நம்மிடம் வேறு பல சமூகங்களுக்கு இல்லாத ஒரு பலம் இருக்கிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில், தேவாலயம் என்று கூட்டம் கூட்டத் தெரிந்தவர்கள் நாம். புதிதாக ஓர் அமைப்பு தொடங்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே நடக்கும் ஒன்றுகூடலில் அரை மணி நேரம் கேளுங்கள்.

முதலில் ஒரு பார்மசிஸ்ட் அல்லது தாதியையும், போதையிலிருந்து மீண்ட அல்லது இன்னும் பயன்படுத்தும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாமவர் இல்லாமல் இந்த வேலை உருப்படாது. எங்கே எந்தப் பொருள் ஓடுகிறது, பொடியள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். மேடையில் ஏற்றி அழவைத்துப் பாடம் நடத்தும் சடங்கு வேண்டாம். திட்டம் போடும் மேசையில் இருத்துங்கள், அவருடைய நேரத்துக்குக் காசும் கொடுங்கள். ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறையின் த வேர்க்ஸ் பிரிவு 2011 முதல் நலோக்சோன் பழக்கிக் கொடுத்துவருகிறது, அவர்களிடம் ஆலோசனை கேட்கலாம்.

பயிற்சிக்கு நாற்பது நிமிடம் போதும். பத்து நிமிடம் விளக்கம், மிச்சம் கைவேலை. ஒருவர் தரையில் படுக்க, இன்னொருவர் உலுக்கி, போனில் பேசுவதுபோல் பேசி, பயிற்சி ஸ்பிரேயைப் பிடித்துப் பழகட்டும். வயதானவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பது அப்பப்பாவும் அம்மம்மாவும்தானே. "நம் சமூகத்தில் போதை" என்று தலைப்புப் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். "அவசர முதலுதவி" என்று போட்டு, நெஞ்சு அமுக்குவதோடு சேர்த்து இதையும் பழக்குங்கள். ஓவர்டோஸ் விழிப்புணர்வு நாள் ஓகஸ்ட் 31, முதல் கூட்டத்துக்கு நல்ல நாள்.

மண்டபம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் வெளியிலிருந்து திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லா ஊழியருக்கும் தெரிந்திருக்கட்டும். கொண்டாட்ட இரவுகளில் இடைக்கிடை தட்டிப் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

வேலைத்தளம் இதைவிட அவசரம். ஒன்ராறியோவில் இறந்தவர்களில் வேலையில் இருந்தோரை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கட்டடத் தொழிலாளி. முதுகு நோவுக்குத் தொடங்கிய மாத்திரை, லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற நெருக்கடி, இரண்டும் சேர்ந்து ஆளை இழுத்துவிடும். ஊழியர் ஒருவருக்கு வேலையிடத்தில் ஓவர்டோஸ் ஆகும் அபாயம் உண்டு என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அங்கே நலோக்சோனும் பழகிய ஆளும் இருக்க வேண்டும் என்று 2023 ஜூன் 1 முதல் சட்டமே சொல்கிறது. கட்டடக் கொம்பனி நடத்தும் நம்மவர்கள் இதைச் சட்டத்துக்காக மட்டும் செய்யாமல், காலைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 7: இன்னும் பயன்படுத்துபவருக்குச் சொல்ல வேண்டியவை

தனியே எடுக்காதே, கதவைப் பூட்டாதே. இருவர் இருந்தால் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம், ஒருவர் தெளிவாக இருக்கட்டும். முதலில் கொஞ்சமாக எடுத்துப் பார்த்து நேரம் விடு. சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் சேர்க்காதே. வேறு வழியே இல்லாமல் தனியே என்றால், போனில் ஒருவரை வைத்துக்கொண்டு விலாசத்தை முன்பே சொல்லிவிடு. ஊசியை யாருடனும் பகிராதே, புதியது பொதுச் சுகாதார நிலையங்களில் இலவசம்.

ஃபென்டனில் சோதனைப் பட்டி பாவிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு கோடு தெரிந்தால் ஃபென்டனில் இருக்கிறது, இரண்டு கோடு தெரிந்தால் பட்டிக்குப் பிடிபடவில்லை. பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்று பட்டி சொல்லாது. ரொறன்ரோவில் 2019 முதல் இயங்கும் போதைப்பொருள் பரிசோதனைச் சேவை மாதிரியைப் பகுத்துப் பார்த்து என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்கிறது. எதையும் பாவிக்காத பெற்றோரும் அதன் பொது அறிக்கைகளை வாசிக்கலாம்.

மேற்பார்வை நிலையங்களைப் பொறுத்தவரை, பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களிலிருந்தும் 200 மீற்றருக்குள் அவை இயங்கக் கூடாது என்று ஒன்ராறியோ 2024 இறுதியில் சட்டம் இயற்றி, 2025 மார்ச்சோடு பலவற்றை மூடவைத்தது. இது பிழையான முடிவு என்பது என் கருத்து. அங்கே காப்பாற்றப்பட்டவர்கள் இனி விழப்போவது வீட்டிலும் வாகனத் தரிப்பிடத்திலும். வீட்டுக் கிட்டின் தேவை இதனால் கூடியிருக்கிறது.

படி 8: சிகிச்சையும், அதற்குப் பிறகு வரும் ஆபத்தும்

ஓபியாய்டு போதைக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெதடோன், பியூப்ரெனோர்ஃபின் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்கும் காலத்தில் இறப்பு அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று சொல்லி இடையில் நிறுத்தவைக்கும் உறவினரைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. ராம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் விரைவுச் சிகிச்சை நிலையங்களுக்குக் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமலே போகலாம். பக்கத்தில் எது என்று கொனெக்ஸ் ஒன்ராறியோ உதவித் தொலைபேசிச் சேவையிடம் 1-866-531-2600 என்ற இலக்கத்தில் 24 மணி நேரமும் கேட்கலாம்.

போதை எடுக்காமல் சில வாரம் இருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் அது ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்தபோது, முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்மில் சில குடும்பங்கள் பிள்ளையைத் திருத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே சில மாதம் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பி வரும் அந்த முதல் வாரங்களும் இதே ஆபத்துக் காலம்தான். விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் அன்றே தாங்கும் சக்தி இறங்கியிருப்பதை அவனுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கிட் இருக்கும் இடத்தையும் காட்டுங்கள்.

படி 9: நடந்து முடிந்த பிறகு

ஒரு தடவை ஓவர்டோஸ் ஆனவருக்கு மறுபடி ஆகும் வாய்ப்பு அதிகம். அடுத்த சில நாட்கள் ஒருவர் கூடவே இருக்கட்டும். சிகிச்சை பற்றிக் கதைக்க அதுவே ஏற்ற நேரம். பாவித்த கிட்டுக்குப் பதில் அடுத்த நாளே புதியது எடுங்கள், காலாவதித் தேதியை போன் கலண்டரில் போட்டுவிடுங்கள். ஸ்பிரே அடித்தவரையும் கவனியுங்கள். தம்பியின் வாயில் ஊதி உயிர் மீட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நித்திரை வராமல் போகலாம்.

உயிர் போய்விட்டால், செத்தவீட்டில் "எப்படி நடந்தது?" என்று துருவ வேண்டாம். "ஹார்ட் அட்டாக்" என்று வீட்டார் சொன்னால் அதற்குமேல் கேட்காதீர்கள். முப்பத்தொன்று முடிந்து சனம் வருவது குறைந்த பிறகு அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். அந்தப் பிள்ளையோடு திரிந்த நண்பர்களும் இருப்பார்கள். அந்தக் கிழமையே அவர்களைத் தேடிப்போய் ஆளுக்கொரு கிட் கொடுங்கள்.